சத்தம் திறக்கும் முன் ஒரு பாட்டு

1981 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில் ஈப்போ, கோவன் ஸ்திரீட். அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் டீ டான்ஸுக்கு, ஒரு கிளாஸ் ஆரஞ்சுத் தண்ணீரோடு சேர்த்து, நுழைவுக் கட்டணம் மூன்று வெள்ளி.

செல்லாயிக்குக் கட்டணம் இல்லை. அங்கே இசைத்தட்டுப் போடுகிற ஜெயபாலன் அவளுடைய தம்பி. கமுந்திங்கில் ஒரு துணி மில்லில் தறி ஓட்டுகிற அவள், ஞாயிறு ஓய்வு கிடைக்கிற வாரங்களில் காலை பஸ்ஸைப் பிடித்து ஈப்போவுக்கு வந்துவிடுவாள். அங்கே புந்தோங் பகுதியில் அம்மா வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டானதும் ரெக்கார்டுப் பெட்டியைத் தம்பி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தூக்கிக்கொண்டு இந்த மரப்படிகளில் ஏறுவார்கள். மேடையில் ரெக்கார்டு சுழலும் மேசைக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்ட பீர்ப்பெட்டி ஒன்று அவளுடைய இருக்கை. ஆடமாட்டாள். ஆரஞ்சுத் தண்ணீர்கூட வேண்டாம் என்பாள். முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, கேட்பாள். நான்கு வருடமாக அப்படித்தான்.

அன்று அவள் கைப்பையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு ஊசி.

அந்த ஊசி வந்த கதைக்கு முன்னால் ஐந்து மணி வரிசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூன்று மணி முதல் ஐந்து மணி வரை ஜெயபாலன் கூட்டம் கேட்பதைப் போடுவான். டிஸ்கோ, கேண்டனீஸ் பாட்டு, துள்ளி ஆடுவதற்கு எது தோதோ அது. ஐந்து மணியானால் ஆடுகிறவர்களின் கால் களைத்துவிடும். மேற்குப் பக்கத்து ஜன்னலின் பச்சைக் கண்ணாடி வழியே வெயில் சாய்ந்து வந்து தரை முழுக்கக் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையும். அப்போதுதான் அவன் மேசைக்கடியில் இருக்கும் இரண்டாவது பெட்டியைத் திறப்பான். பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து ஊர் திரும்பிய ஆஸ்திரேலியன் ஒருவன் விட்டுப்போன பெட்டி அது. உள்ளே இருந்ததெல்லாம் சோல் பாட்டு. அமெரிக்காவின் கறுப்பர்கள் பாடியவை. பினாங்கு பழைய சாமான் கடையில் அதை முதல் முறை போட்டுக் கேட்டபோதே கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்து வாங்கிவிட்டதாக ஜெயபாலன் சொல்வான்.

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம். வரிசை ஒரு வாரமும் மாறாது. மற்ற ஊர் டிஜேக்கள் வாரத்துக்கு ஒரு மாதிரி கலக்கிப் போடுவார்கள், இவன் மாற்றமாட்டான். அது ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த பழக்கம். பீடோருக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த தோட்டத்தில் தகப்பனார் அப்பாவு, காலையில் பால் எடுக்க மரம் சீவிவிட்டு மாலையில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட்டுப் போடுகிறவராக இருந்தார். எந்தப் பாட்டுக்கு மாப்பிள்ளை குளிக்கப் போகவேண்டும், எந்தப் பாட்டுக்கு அப்பளம் பொரிக்க எண்ணெய் காயவேண்டும் என்று லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். குழாய் ஒலிபெருக்கிதான் கடிகாரம். ஒரு முறை அப்பாவு அசதியில் வரிசையை மாற்றிப்போட்டதில் அப்பளம் முன்னதாகப் பொரிந்து, பந்தியில் நமத்துப்போன அப்பளம் விழுந்து, பெண் வீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று எல்லாரையும் வெளியே அனுப்பிய பிறகும் அந்த அப்பளக் கதை மட்டும் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு பழக்கமும் வந்தது. மைக் செட்டைத் திறந்தால் முதல் பாட்டு பிள்ளையாருக்கு. டீ டான்ஸ் மாடியில் அதை எப்படிப் போடுவது? கீழே பீர் விற்கிறார்கள். மேலே ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து ஆடுகிறார்கள். ஜெயபாலன் ஒரு வழி கண்டுபிடித்தான். கூட்டம் வருவதற்கு முன்னால், சத்தத்தை முழுக்க மூடிவிட்டு, பிள்ளையார் பாட்டுத் தட்டில் ஊசியை வைப்பான். ஒலிபெருக்கியில் ஒன்றும் வராது. ஆனால் ஊசி தானாகவே மெல்லப் பாடும். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி உரசுகிற உரசலிலேயே பாட்டு இருக்கிறது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் தகர டப்பாவுக்குள் ஒரு வண்டு பக்திப் பாடல் பாடுவது போலக் கேட்கும்.

"சாமிக்குக் கேட்டா போதும்லா," என்பான். "கடை மொதலாளி தவுக்கேக்குக் கேக்கக் கூடாது."

முதல் வருடம் செல்லாயி குனிந்து அதைக் கேட்டு வாய்பொத்திச் சிரித்திருக்கிறாள். பிற்பாடு அந்த நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வது வழக்கமாயிற்று.

ஐந்து மணி வரிசையில் உள்ள பாட்டுகளின் பெயர் அவளுக்குத் தெரியாது. இங்கிலீஷ் தெரியாது. அவளே பெயர் வைத்துக்கொண்டாள். முதலில் வருவது 'நடந்து போறவன்'. தடித்த நரம்புக் கருவி ஒன்று தனியாக, அவசரமே இல்லாமல், வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிற ஆள் மாதிரி வரும். கொஞ்ச தூரம் போன பிறகுதான் மேளம் அவனோடு சேர்ந்துகொள்ளும். அடுத்தது 'கெஞ்சுறவன்'. யாரிடம் எதைக் கேட்டுக் கெஞ்சுகிறான் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் குரல் உடைகிற இடத்தில், அவனுக்கு அது கிடைக்காது என்பது தெரிந்துவிடும். பிறகு 'அக்கா தங்கச்சி'. ஒருத்தி பாட, பின்னால் இரண்டு பேர் "அப்படித்தான், அப்படித்தான்" என்பதுபோல ஒத்துப் பாடுவார்கள். பிறகு 'கோயில்', அதில் மாதா கோயில் ஆர்கன் வரும். இப்படியே போய் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசியாக 'மழைப் பாட்டு'.

அவள் பஸ் ஏறி வருவது மழைப் பாட்டுக்காகத்தான். வயலின்கள் தகரக் கூரைமேல் மழை வருவதுபோலத் தூரத்திலிருந்து நெருங்கி வரும். வந்து பொழிந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். எல்லாக் கருவியும் நிற்கும். அந்த அமைதிக்குள் ஒரு சின்ன மணி. ஒரே ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ரப்பர்க் காட்டில் மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். கீழே நிற்கிறவர்களுக்கு மட்டும் மழை இன்னும் முடிந்திருக்காது. அந்த மணி விழும்போது செல்லாயி எப்போதும் அந்த மரங்களுக்குக் கீழே நின்றாள். தலை ஈரமாவதுகூட அவளுக்குத் தெரியும். கண்ணைத் திறந்தால் பச்சை வெயிலில் யார் யாரோ ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து மெல்ல நகர்ந்துகொண்டிருப்பார்கள். சீனன், தமிழன், மலாய்க்காரன் எல்லாரும் தண்ணீருக்கடியில் இருப்பவர்கள் போலத் தெரிவார்கள். அந்த வாரம் முழுவதையும் அவள் அதை வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவாள்.

அந்த மணி காணாமல் போய்விட்டது.

போன தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி மங்கலாகக் கேட்டது. அடுத்த முறை இன்னும் மங்கல். புது வருடம் பிறந்தபோது வயலின் நின்ற பிறகு வெறும் அமைதிதான் இருந்தது. பிறகு அவள் கவனித்துக் கேட்க ஆரம்பித்தாள். 'அக்கா தங்கச்சி'யில் சலங்கை மாதிரி குலுங்கிக்கொண்டே வரும் ஒரு சாமான் இல்லை. 'கெஞ்சுறவன்' மூச்சை இழுக்கிற ஓசை இல்லை. பாட்டு ஒவ்வொன்றும் துவைத்துத் துவைத்துச் சாயம் போன சேலை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

தட்டு தேய்கிறது, அல்லது ஊசி தேய்கிறது என்று செல்லாயி முடிவுகட்டினாள். தறி ஓட்டுகிறவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? துணியில் கோடு விழுந்தால் தறியின் எந்த உறுப்பு தேய்ந்தது என்றுதான் முதலில் தேடுவார்கள். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால், "மில்லுல இருந்து இன்ஸ்பெக்டர் வந்துட்டாங்கடா" என்று கிண்டல் செய்வான். தானே ஊசி வாங்கிப்போய்க் கையில் கொடுத்துவிட்டால் பேச்சில்லை.

தைப்பிங்கில் அப்துல் ரசாக் கடையில் ரேடியோவும் டேப்பும் ஊசிகளும் விற்றார்கள். தம்பி தூக்கிப்போட்ட பழைய ஊசி டப்பா ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். அப்துல் ரசாக் அதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் திரும்பி இழுப்பறைகளைக் குடைந்தார். செல்லாயி அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பினார்.

"என்னம்மா, நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு நிக்கிற?"

"என்ன கேட்டீங்க பாய்?"

"வீட்டுக்கா, கடைக்கான்னு மூணு தரம் கேட்டாச்சு."

"நான் மில்லுக்காரிலா பாய். எங்ககிட்டலாம் மூஞ்சியப் பாத்துப் பேசணும்."

"அப்படியா? என் வீட்டம்மாவும் அதைத்தான் சொல்லுது," என்றார் அப்துல் ரசாக். "ஆனா அது மில்லுக்குப் போகல." டப்பாவில் பஞ்சு வைத்து ஊசியைப் பத்திரமாகப் பொதிந்து கொடுத்தார்.

மில்லுக்காரிகளிடம் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்பது உண்மைதான். தறிக் கொட்டகைக்குள் தறிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கிற அடியில் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. வாயைப் பெரிதாக அசைத்துச் சத்தமில்லாமல் பேசுவார்கள். எட்டுத் தறி தள்ளி நிற்பவள் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லுவாள். கையைக் குப்புறக் கவிழ்த்தால் 'நிறுத்து'. ஒரு விரலைத் தூக்கினால் 'சூப்பர்வைசர் வருகிறார், கவனி'. செல்லாயி இதில் கெட்டிக்காரி. டீ டான்ஸ் மேடையிலும் அது பயன்பட்டது. ஒலிபெருக்கி அதிரும்போது ஜெயபாலன் மோவாயால் ஒரு மூலையைக் காட்டுவான். அவள் உதடு படித்துச் சொல்லுவாள்.

"சிவப்புச் சட்டை என்னக்கா சொல்றான்?"

"அவங்க அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம். போவணுமாம்."

"புளுகுறான். கீழ மோட்டார் சைக்கிள்கிட்ட இன்னொருத்தி நிக்கிறா."

"அவன்கூட ஆடுறவளும் அதையேதான்டா சொல்றா."

இப்படி இரண்டு பேரும் தோளைக் குலுக்கிச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சத்தத்தில் மாடியிலேயே எல்லாப் பேச்சும் விளங்குகிற ஒரே ஆள் செல்லாயிதான். அவளுடைய காதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் அவள் பேசும்போது அம்மா, "ஏன்டி கத்துற, நான் என்ன மெயின் ரோட்டுலயா இருக்கேன்?" என்பாள். மில் பழக்கம் என்று விட்டுவிட்டார்கள். கமுந்திங்கில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் மாரியம்மா, அதே மில்லில் நூல் சுற்றுகிறவள், ஒரு நாள் கொசுவர்த்தி கொளுத்தும்போது புலம்பினாள்.

"என்னா கொசுடி! காதுகிட்டயே வந்து ஙொய்யுங்குது. தூங்க முடியுதா?"

"எங்க இருக்கு கொசு? போன வருசத்துலேர்ந்து கொசுவே இல்லலா," என்றாள் செல்லாயி. அவள் இரண்டு கையிலும் கொசு கடித்த தடிப்புகள் இருந்தன.

ஜனவரியில் சூப்பர்வைசர், துணி மடிக்கும் பகுதிக்குப் போகிறாயா என்று கேட்டார். அங்கே தறிச் சத்தம் கிடையாது. அவள் மாட்டேன் என்றுவிட்டாள். மடிப்பது வயதானவர்கள் வேலை; தறிக்காரிகள் மதிக்கமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு மாடியில் இன்னும் ஒருவரும் வரவில்லை. மின்விசிறிகள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தன. வாசலில் டிக்கெட் கிழிக்கிற சீனி, ஐம்பதைத் தாண்டியவர், தரையில் மாவு தூவிக்கொண்டிருந்தார், ஆடுகிறவர்களின் செருப்பு வழுக்கிக்கொண்டு போவதற்காக. செல்லாயி கைப்பையைத் திறந்து டப்பாவைத் தம்பியின் முன் வைத்தாள்.

"என்னாக்கா இது? மோதிரமா?"

"தொறந்து பாரு."

பார்த்தான். சிரிப்பு வந்தது, பிறகு நின்றது. "ஊசி எதுக்கு?"

"உன் ஊசி தேஞ்சுபோச்சுடா. பாட்டெல்லாம் மங்கிப்போச்சு."

"யாரு சொன்னா? சீனப் பெருநாளுக்குத்தான் ரெண்டு மேசைக்கும் புது ஊசி மாத்துனேன். மூணு வாரம்கூட ஆகல."

"அப்ப மழைப் பாட்டுல மணி எங்க போச்சு?"

"எந்த மணி?"

"வயலின் நின்னப்புறம் வருமே. டிங்குன்னு."

"இருக்கேக்கா. போன வாரம்கூட வந்துச்சே."

"இல்லடா. ரெண்டு மாசமா இல்ல. நான் கேக்குறதுக்குத்தானே வாரேன், எனக்குத் தெரியாதா?" அவள் குரல் காலி மாடியில் மோதித் திரும்பியது. சீனி மாவு டப்பாவோடு நிமிர்ந்து பார்த்தார். "காசு குடுத்து வாங்கியாச்சு. மாட்டு. மாட்டிட்டுப் பேசு."

ஜெயபாலன் மாட்டினான். அக்காவிடம் எதிர்த்துப் பேசி அவன் ஜெயித்ததில்லை. நுனிவிரலால் பழைய ஊசியைக் கழற்றிப் பஞ்சில் வைத்தான், புதியதைச் செருகினான், கண்ணுக்கு நேரே பிடித்து ஊதினான்.

"சரி, பிள்ளையாருக்குப் போட்டுத் தொடங்குவோம். உன் ஊசி, உன் கையாலேயே வை."

அவள் வைத்தாள். தறியில் அறுந்த நூலை எடுக்கிற பக்குவத்தோடு வைத்தாள். தட்டு சுழன்றது. நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதம் சுழன்றது. ஊசிக்கை மெல்ல உள்பக்கம் நகர ஆரம்பித்தது. செல்லாயி குனிந்தாள்.

மின்விசிறியின் காற்று கழுத்தில் பட்டது. தெருவில் ஒரு லாரி கியர் மாற்றுவது பாதத்தின் அடியில் தெரிந்தது. தட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"பாடலியே," என்றாள்.

"பாடுதேக்கா."

"எங்க பாடுது?"

"ஐயோ, நல்லா பாடுது. இன்னும் கிட்ட போயேன்."

காது தட்டின் விளிம்பைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தாள். ஒன்றுமில்லை. அப்போது சீனி மேடைப் பக்கமாக வந்து, தூக்கிக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, கை கூப்பினார். அவர் முகம் அவளுக்கு நேரே இருந்தது. அவர் உதடு அசைவதை அவள் படித்தாள்.

"புது ஊசியா தம்பி? இன்னிக்குச் சாமி பாட்டு வாசல் வரைக்கும் கேக்குதே."

செல்லாயி தம்பியைப் பார்த்தாள். அவன் வாய்க்குள் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்து பழகிய பாட்டு, தானாக வருவது. அந்த உதட்டில் ஒவ்வொரு சொல்லாக அவள் பார்த்தாள். கணநாதன் வந்தான். யானை முகம் வந்தது. அடி முடிந்து அடுத்த அடி வந்தது. ஊசிக்கை நகர்வதும் உதடு அசைவதும் சேர்ந்தே போயின. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் மட்டும் வரவில்லை.

அவள் பீர்ப்பெட்டியில் உட்கார்ந்தாள்.

ஜெயபாலன் முணுமுணுப்பதை நிறுத்தினான். பிறகு, அவளுக்குப் பின்பக்கமாக நடந்துபோய் நின்றான். நின்று என்ன சொன்னானோ, அவள் திரும்பவில்லை. முன்னால் வந்து அவள் எதிரே குந்தினான்.

"அக்கா. நான் இப்ப பின்னாலேர்ந்து உன்னைக் கூப்பிட்டேன்."

"சத்தமாவா?"

"இப்ப பேசுற மாதிரித்தான்."

"என்ன சொல்லிக் கூப்புட்ட?"

"செல்லாயின்னு பேர் சொல்லிக் கூப்புட்டேன். எழுந்து அறைவன்னு பாத்தேன்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள், கொசு கடித்த தடிப்புகளைப் பார்த்தாள், "ஐயோ அலாமா, கொசு," என்று சொல்லிக்கொண்டாள். எதற்குச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் வந்தது. டிஸ்கோ ஓடியது. தரை அதிர்ந்தது, அதிர்வு பீர்ப்பெட்டி வழியாக இடுப்புக்கு ஏறியது. மேளம் முழுசாக இருந்தது. தடித்த நரம்பின் ஓசை இருந்தது. ஆண் குரல் இருந்தது. செல்லாயி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், வெள்ளம் வடிந்த வீட்டில் எந்தச் சாமான் நின்றது, எது போனது என்று பார்ப்பதுபோல. முதலில் மணி போனது. பிறகு சலங்கை. பிறகு மூச்சு. அடுத்தது எது? 'அக்கா தங்கச்சி'யின் பின்பாட்டுக்காரிகளா? 'கெஞ்சுறவன்' உடைகிற இடமா? நாளைக் காலை ஏழு மணிக்குத் தறி ஓட ஆரம்பிக்கும். அதற்கு அடுத்த நாளும் ஓடும்.

ஐந்து மணிக்கு வெயில் பச்சைக் கண்ணாடிக்கு வந்தது. ஜெயபாலன் இரண்டாவது பெட்டியைத் திறந்தான். 'நடந்து போறவன்' நடந்து வந்தான், முன்பு வந்த அதே நடை, ஒரு குறையும் இல்லை. இவனை மட்டும் மில் தொடவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணை மூடவில்லை. மூடினால் பாதி போய்விடும் என்று இப்போது தெரிந்தது. தம்பியின் விரல்களையும் சுழலும் காகிதங்களையும் ஆடுகிறவர்களின் கால்களையும் பார்த்துக்கொண்டே கேட்டாள். யாருடைய தோளோ சலங்கையின் கணக்குக்குக் குலுங்கியது. அதிலிருந்து சலங்கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். தரையில் தூவிய மாவு வெயிலில் எழும்பி எழும்பி அமர்ந்தது. அந்த ஒரு மணி நேரம் எப்போதும்போல மெதுவாகவே போனது. ஒருவேளை இன்னும் மெதுவாக.

மழைப் பாட்டு வந்தது. வயலின்கள் வந்தன. பாதி வயலின்கள்தான், கீழ்க்கட்டையில் வாசிக்கிறவர்கள் இருந்தார்கள், மேல்கட்டைக்காரர்கள் தூரத்தில் எங்கோ வாசித்தார்கள். ஜெயபாலன் அக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கீச்சொலிக்கான திருகைப் பிடித்து வலது கோடி வரை திருப்பினான். சத்தத்தையும் ஏற்றினான்.

மாடி முழுக்கக் கண்ணாடி உடைவது போலாயிற்று. ஆடுகிறவர்கள் நின்றார்கள். ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சிவப்புச் சட்டைக்காரன் மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினான். "டேய் ஜெயபாலா, காதைக் கிழிக்குதுலா!" என்று அவன் உதடு சொன்னது. வாசலில் சீனி எழுந்து நின்றுவிட்டார். வயலின்கள் நின்றன. அந்த அமைதிக்குள், வெகு தொலைவில், ரப்பர்க் காட்டின் மறுகோடியிலிருந்து வருவதுபோல, ஒரு மணி.

செல்லாயிக்குக் கேட்டது.

அவள் எழுந்தாள். கையைக் குப்புறக் கவிழ்த்தாள். நிறுத்து.

"இன்னொன்னு வரும்க்கா, இரு!"

"கொறைடா. அவங்க ஆடட்டும். கொறை!"

அவன் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். நின்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மறுபடி தோளில் தலையைச் சாய்த்தார்கள். பாட்டு அமைதியில் இருந்தது. இரண்டாவது மணி விழவேண்டிய இடத்தில் ஜெயபாலன் ஒரு விரலைத் தூக்கினான். மில்லின் சைகை அவனுக்கு எப்போது தெரிந்தது என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை ஞாயிறுகளில் பார்த்துப் படித்திருப்பான். விரல் நின்ற அந்த நொடியில் செல்லாயி மரங்களுக்குக் கீழே நின்றாள். இலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு மழை மறுபடி வந்தது, கீழ்க்கட்டையில், போதுமான அளவுக்கு.

ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்தது. பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படியிறங்கினார்கள். பாதிப் படியில் அவள் நின்றாள். அவன் அவளுக்குக் கீழே நின்று, முகத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினான்.

"நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லப்போறேன்," என்றாள்.

"என்னான்னு?"

"மடிக்கிற எடத்துக்குப் போறேன்னு. போனது போச்சு. கெஞ்சுறவனையாச்சும் வெச்சுக்குறேன்."

"அங்க கெழவிங்கதான் இருக்காங்கன்னு சொன்ன?"

"நானும் கெழவிதான்லா. காது கேக்கல, கொசு தெரியல. தூக்குடா, கை வலிக்குது."

மார்ச் மாதம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் செல்லாயியின் காதுகளைச் சோதித்தார்கள். மேல்கட்டை ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன, திரும்பி வராது, சத்தத்தை விட்டு விலகினால் மீதியைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். ஏப்ரலில் அவளைத் துணி மடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். புது ஊசி மேசையிலேயே இருந்தது. ஐந்து மணி வரிசை மாறவில்லை.